கடைசியாக நிறையும் கண்மாய்

மாசி மாதம் மூன்றாம் ஞாயிறு, காலை ஏழேகால் மணி. என் வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்திய ஒருவர், இறங்காமலேயே, "இந்த வருசம் எந்தக் கண்மாய் கடைசியா நிறையும்?" என்று கேட்டார்.

நான் ஒரு மிஷன் பள்ளியில் எழுத்தர். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் எது எந்த நாளில் நிறைந்தது, எந்த நாளில் வற்றியது என்று பல ஆண்டுகளாக நோட்டுகளில் எழுதி வருகிறேன். பழைய கெஜட்டியர், பயணக் குறிப்பு, கல்வெட்டுத் தொகுதி என்று கையில் கிடைப்பதை எல்லாம் படித்து, கண்மாய் வரும் பக்கங்களைத் தனியே குறித்தும் வைத்திருக்கிறேன். இது தெரிந்து விவசாயிகள் சிலர் என்னைத் தேடி வந்ததுண்டு. எது முதலில் நிறையும் என்பதுதான் அவர்கள் கேள்வி. கடைசியில் நிறைவதைக் கேட்டு வந்தவர் இவர் ஒருவர்தான்.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"கோல்ஃப் விளையாட."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மொபெட்டின் பக்கவாட்டில் பழைய கைலியைத் தைத்துச் செய்த நீளமான உறை ஒன்றைக் கட்டியிருந்தார். அதை அவிழ்த்து ஆறு மட்டைகளை என் வாசற்படியில் வரிசையாக வைத்தார். கைப்பிடி தேய்ந்தவை. இரும்பு மட்டும் பளபளவென்று இருந்தது.

"சிரிச்சு முடிச்சாச்சா மாப்ள? நோட்ட எடு."

முதல் நாளே மாப்ள என்றார். நானும் பாய் என்றேன். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது அவர் போட்ட கட்டளை. "என்னப் பத்தி என்ன வேணாலும் எழுது. பேர மட்டும் எழுதாத. எவன் எந்த வயல்ல எம் பந்தக் கையில வச்சுக்கிட்டு என்னத் தேடுறானோ, எனக்கே தெரியாது." இப்போது அவர் மகள் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். இருந்தாலும் கட்டளை கட்டளைதான்.

ஆள் குட்டை. மருதாணி போட்ட தாடி. முழங்கைக்கு மேல் சுருட்டிய முழுக்கைச் சட்டை. எந்த இடத்தைப் பார்க்கப் போனாலும் முதலில் செருப்பைக் கழற்றி மொபெட்டில் மாட்டுவார். பிறகு வெறுங்காலோடு இடத்தின் நான்கு மூலைக்கும் நடப்பார். அதுவரை பேச்சு கிடையாது. நடந்து முடித்ததும் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து, தோள் உயரத்திலிருந்து கீழே விட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். தொப்பென்றால் ஈரம். டக்கென்றால் அடியில் பாறை. இரண்டுக்கும் நடுவே ஒரு சத்தம் வந்தால்தான் முகத்தில் வெளிச்சம் வரும். "இந்த மண்ணு பேசுது மாப்ள" என்பார். பேசாத மண்ணில் அவர் மட்டையை எடுத்ததே இல்லை.

பாலைவனத்தில் ஒரு எண்ணெய்க் கம்பெனிக் குடியிருப்பில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். அங்கே வெள்ளைக்காரர்கள் மணலில் கோல்ஃப் விளையாடுவார்கள். புல் கிடையாது. ஆளாளுக்குக் கையில் ஒரு முழம் செயற்கைப் புல்விரிப்பு வைத்திருப்பார்கள். பந்து விழுந்த இடத்தில் அதை விரித்து, மேலே பந்தை வைத்து அடிப்பார்கள். குழியைச் சுற்றி மற்ற ஊர்களில் பச்சைப் புல்வட்டம் இருக்குமல்லவா, அங்கே எண்ணெய் கலந்து இறுக்கிய மணல்வட்டம். நிறத்தை வைத்து அதற்கு 'பிரவுன்' என்று பெயர். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் பிரவுனில் இருக்கும் காலடித் தடங்களை இழுத்துச் சமன் செய்வதுதான் பாயின் வேலை. வேலைக்காரர்கள் விளையாடக் கூடாது. மட்டைகளைத் துடைக்கலாம். விடியுமுன் யாரும் இல்லாதபோது விளையாடிக் கற்றுக்கொண்டார். தடத்தைத் தானே அழித்துவிடுவார். "என் தடத்த அழிக்கிறதுலதான் நான் கெட்டிக்காரன்" என்று ஒருமுறை சொன்னார். அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பியபின் அவருக்கு ஒரே ஒரு ஆசை. ஒன்பது குழி. தானே தேர்ந்தெடுத்த இடத்தில், தன் தடத்தை அழிக்காமல், ஒரு முழு ஆட்டம்.

"கொடைக்கானல் போங்க பாய், அங்கதான் இருக்கு" என்று சொல்லாதவர்கள் இல்லை. நானும் சொன்னேன்.

"அங்க புல்லு இருக்கு. அதுக்கு மாடு போதும், நான் எதுக்கு? நான் மதுரைக்காரன். மதுரையில விளையாடுவேன்."

ஊருக்கு வெளியே வசதியானவர்கள் வந்து தங்கும் விடுதி ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே புல் வளர்த்து, குழி வைத்து, சின்னதாக ஒரு மைதானம் உண்டு. என்னைச் சந்திப்பதற்கு முந்தைய ஆண்டு பாய் அங்கே போயிருக்கிறார். காலர் சட்டை, பேண்ட், பாலிஷ் போட்ட ஷூ. வாசலில் இருந்தவன் மட்டைப் பையைப் பார்த்துவிட்டு, "யாரோட பை இது? ஐயா பின்னால கார்ல வாராகளா?" என்று கேட்டிருக்கிறான்.

"நான்தான் ஐயா" என்றாராம் பாய்.

உள்ளிருந்து மேனேஜர் வந்திருக்கிறார். தன்மையாகத்தான் பேசினாராம். உறுப்பினர் யாராவது கடிதம் கொடுத்தால் பார்க்கலாம்; அதுவரை, மைதானத்தைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் தேவலை என்றாராம். இந்தக் கதையை மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் பாய் வேகத்தைக் கூட்டுவார்.

பங்குனியிலும் சித்திரையிலும் ஞாயிறுதோறும், கண்மாய் மட்டும் என்றில்லாமல், கிடைத்த இடத்தையெல்லாம் பார்த்தோம். என் நோட்டில் வரிசையாக இருக்கிறது. சோழவந்தான் பக்கம் அறுவடை முடிந்த வயல்: நல்ல சத்தம், ஆனால் தாளின் அடிக்கட்டைகளுக்குள் பந்து ஒளிந்துகொண்டது, பக்கத்துக் கொடிக்கால்காரர், "வெத்தலைக்கொடியில ஒரு பந்து விழுந்துச்சுன்னாலும் ரெண்டு பேரும் வீடு போய்ச் சேர மாட்டீக" என்று மரியாதையாகச் சொன்னார். எழுமலைக்குப் போகும் வழியில் ஒரு கரிசல் துண்டு: வெயிலில் வெடித்த நிலம் ஏழு பந்துகளை விழுங்கியது. கையைவிட்டு எடுக்கப் போன என்னைப் பாய் தடுத்தார். "பாம்பு இருக்கும். பந்து போனா வாங்கிக்கலாம், கண்மாய்க் கணக்கு எழுத ஆளுக்கு எங்க போறது?" வைகைக்குள் மணல் இருந்த இடத்தில் சாக்கடையும் இருந்தது. சித்திரையில் அழகர் இறங்கும் நாட்களில் அந்த மணலும் கிடைக்காது.

அந்தப் பயணங்களில் ஒன்றில் சோதனைச் சாவடியில் ஒரு காவலர் நிறுத்தினார். கைலி உறைக்குள் நீளமாக இரும்பு. மதுரையில் அதற்கு ஒரு அர்த்தம்தான்.

"பைக்குள்ள என்ன பாய்? எறங்கு. எத்தன இருக்கு?"

"ஆறு."

"ஆறா! எந்த ஊருக்குப் போறீங்க, யாரு மேல கோவம்?"

பாய் இறங்கினார். சாலையோரத்தில் புல்விரிப்பை விரித்தார், பந்தை வைத்தார், ஒரே அடி. பந்து எதிர்ப்புறத் தரிசைத் தாண்டி ஒரு வேலிக்கருவைக் கூட்டத்துக்குள் போய் மறைந்தது. காவலர் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எம்புட்டு தூரம் இருக்கும்?"

"நூத்தம்பது கெஜம். உங்களுக்கு ஒண்ணு வைக்கவா?"

அவர் மூன்று பந்து அடித்தார். மூன்றும் விரிப்பை விட்டு நகரவில்லை. "போங்கய்யா போங்க" என்று எங்களை அனுப்பிவைத்தார்.

அக்கா, அதாவது பாயின் மனைவி, என்னிடம் ஒருமுறை சொன்னார்: "ஊருல எல்லாரும் வீடு கட்ட எடம் பாப்பாக. இந்த மனுசன் பந்து உருள எடம் பாக்குறாரு. நீயும் கூடப் போற. ஒன் வீட்ல ஒன்னும் கேக்க மாட்டாகளா தம்பி?" கேட்டார்கள். கண்மாய் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தேன். பொய்யில்லை.

கடைசியில் கண்மாய்தான் கிடைத்தது. அழகர்கோவில் சாலையிலிருந்து கிழக்கே பிரிந்து போகும் ஒரு மண்பாதையின் முடிவில் இருந்தது. தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து கிடப்பதால், சுற்றுவட்டாரத்தில் எல்லாம் நிறைந்தபிறகு ஐப்பசி வாக்கில்தான் அதற்குத் தண்ணீர் வரும் என்று என் நோட்டு சொன்னது. ஆனி மாதம் இரண்டாம் ஞாயிறு அதன் உள்வாயில், தண்ணீர் நிற்கும் பரப்பில், பாய் பந்தைக் கீழே விட்டார். சத்தம் கேட்டதும் இன்னொரு முறை விட்டார். மூன்றாவது முறை என்னைக் கேட்கச் சொன்னார்.

"இதான் மாப்ள."

ஆடி முழுவதும் அளந்தோம். ஒன்பது இடங்களில் பெயிண்ட் டப்பாவைப் பாதியாக வெட்டிக் குழிகளில் பதித்தோம். குழிகளைச் சுற்றி மண்ணைச் சீவினோம். ஆனால் ஆடிக் காற்று சும்மா இருக்குமா? காலையில் சீவியது மாலைக்குள் பறந்துவிட்டது. பந்து புழுதியில் புதைந்து நின்றது.

"எண்ணெய் வேணும்" என்றார் பாய்.

லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட எஞ்சின் எண்ணெய் நான்கு கேன் வாங்கிவந்தோம். கண்மாய்களைப் பற்றி நோட்டு நோட்டாக எழுதியவன் நான். எந்தக் கிழமை எவ்வளவு தண்ணீர் நின்றது என்று சொல்லத் தெரிந்தவன். அந்தக் கேன்களைத் தூக்கிக் கொடுத்தவனும் நான்தான். எனக்கு அதில் தப்பு எதுவும் தோன்றவில்லை. மூன்று வட்டங்களுக்கு ஊற்றி மண்ணைப் புரட்டி இறுக்கியாகிவிட்டது. நான்காவதற்கு மூடியைத் திறக்கும்போது கரையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"யோவ் பாய், என்னத்த ஊத்துற?"

அந்தக் கண்மாயில் ஆடு மேய்க்கிறவர். ஒரு மாதமாக எங்களைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர். அன்றுதான் இறங்கி வந்தார்.

"எண்ணெய் தாயி. மண்ணு பறக்காம இருக்க."

"கண்மாய்க்குள்ளயா?"

"பதினாறு வருசம் எனக்கு இதான் வேலை. ஒண்ணும் ஆகாது. கல்லு மாதிரி எறுகிரும்."

"எந்த ஊருல?"

"சவுதில."

"அங்க மழ பேயுமா?"

பாய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பேஞ்சா நெறஞ்சு நிக்குமா? நின்னத ஆடு வந்து குடிக்குமா? நாங்க குளிப்போமே, அவுக குளிப்பாகளா?"

பாயின் முகம் கறுத்தது. எனக்கு அந்த முகம் தெரியும். விடுதிக் கதையில் வேகம் கூடும்போது மொபெட் கண்ணாடியில் பார்த்த முகம். "என்னைய இந்த எடத்த விட்டுப் போகச் சொல்லாத தாயி. அது மட்டும் நடக்காது" என்றார்.

"ஒன்னைய யாரு போகச் சொன்னா? எண்ணெயப் போகச் சொல்லு."

மறுநாள் திங்கட்கிழமை நான் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். பாய் முழங்கால் ஆழம் தோண்டியிருந்தார். எண்ணெய் பட்ட மண்ணைச் சாக்கில் அள்ளி மொபெட்டில் வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒரு நடைக்கு ஒரு சாக்கு. ஒவ்வொரு நாளும் ஆட்டுக்காரப் பெண் வருவார், குழிக்குள் குனிந்து ஒரு கை மண்ணை எடுத்து முகர்ந்து பார்ப்பார், "இன்னும் இருக்கு" என்பார். ஐந்தாம் நாள் எனக்கு எரிச்சல் வந்து, "எங்களுக்கு ஒரு வாசமும் தெரியலயேம்மா" என்றேன். பாய் என்னை அதட்டினார். "ஆடு மாதிரி மூக்கு இருக்கா ஒனக்கு? தோண்டு."

பட்டறைக்காரர், "எண்ணெய்தான பாய் குடுத்தேன், மண்ணத் திருப்பிக் குடுத்தா நான் எங்க வைக்க?" என்று கையை விரித்துவிட்டார். சாக்குகள் பாயின் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறின. மேலே தார்ப்பாய். அக்கா துணி காயப்போடப் பக்கத்து வீட்டு மாடிக்குப் போக வேண்டியதாயிற்று. "கண்மாய காலி பண்ணி எங்க மாடியில வச்சிருக்காரு" என்று தெருவில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

எட்டாம் நாள் அந்தப் பெண் முகர்ந்தார். மண்ணை உதறினார். "ம்" என்றார். பிறகு, ஏதோ வேறு யாரிடமோ சொல்வதுபோல, "நெல்லடிக்கிற களத்த எப்பிடி வச்சுக்கிறோம்? சாணியக் கரைச்சு மெழுகுறோம். ஒரு நெல்லு உள்ள போகாது. ஒன் பந்து நெல்ல விடச் சின்னதா?" என்றார்.

பாய் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே குழி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "பதினாறு வருசம்" என்றார் என்னைப் பார்த்து. "பதினாறு வருசமா அவனுக சொன்னதத்தான மாப்ள நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

தோண்டிய குழிகளை நல்ல மண்ணால் நிரப்பி இடித்தோம். முதல் வட்டத்தை அந்தப் பெண் மெழுகிக் காட்டினார். கைவீச்சில் வட்டம் வட்டமாகத் தடம் விழும் அழகே தனி. மற்ற எட்டையும் பாய் மெழுகினார். முழங்கால் போட்டு, தாடியில் சாணி தெறிக்க. காய்ந்ததும் ஒரு பந்தை உருட்டிவிட்டார். அது ஓடியது. நின்றபிறகும் அவர் அதை எடுக்கவில்லை.

"ஒண்ணு சொல்லிப்புட்டேன்" என்றார் அந்தப் பெண். "எட்டு மணிக்கு ஆட்ட எறக்குவேன். அதுக்குள்ள முடிச்சுக்கிறணும்."

"ஒம்போது."

"எட்டு."

"ஒம்போது குழி தாயி! ஓடியா விளையாட முடியும்?"

"எட்டர. அதுக்கு மேல ஆடு ஒன் பந்தத் தின்னா நான் பொறுப்பில்ல."

யார் சொல்லும் நேரத்துக்கும் கட்டுப்படாத மனிதர், எட்டரைக்கு ஒப்புக்கொண்டார்.

ஆவணி மாதம் கடைசி ஞாயிறு முதல் முழு ஆட்டம். ஒன்பது குழிக்கு ஐம்பத்தேழு அடி; எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. நல்ல ஆட்டக்காரர்கள் சிரிப்பார்கள் என்றார். முடித்ததும் பழக்கத்தில் இழுவைக் கட்டையைக் கையில் எடுத்தவர், பிரவுனில் பதிந்திருந்த தன் புழுதிக் காலடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டையைத் திரும்ப மரத்தில் சாய்த்துவிட்டு வந்துவிட்டார்.

அந்த ஆட்டத்தை யாரோ கரையிலிருந்து படம் பிடித்துப் பரப்பியிருக்கிறார்கள். புரட்டாசியில் ஒரு ஞாயிறு, மண்பாதையில் கார் வந்து நின்றது. இறங்கியவர் அந்த விடுதி மேனேஜர். இருவரும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

மேனேஜர் சுற்றிப் பார்த்தார். உண்மையாகவே வியந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "பாய், உங்கள மாதிரி ஒருத்தரத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். எங்க மைதானத்தப் பாத்துக்கங்க. காலையில ஆறு மணிக்கு முன்னால நீங்களே விளையாடிக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. வருசம் பூரா விளையாடலாம்."

"விடியுறதுக்கு முன்னால."

"ஆமா."

"யாரும் பாக்குறதுக்கு முன்னால."

மேனேஜருக்கு அது புரியவில்லை. அழகர்மலையின் மேல் மேகம் திரண்டிருந்ததைக் காட்டினார். "இன்னும் ஒரு மாசம் தாங்குமா இது? ஒரு மழைக்கு அம்புட்டும் தண்ணிக்குள்ள போயிரும் பாய். இவ்வளவு உழைப்பும் வீணு."

"போகட்டும். அதுக்குத்தான கண்மாய்" என்றார் பாய். "உங்களுக்கு விளையாடணும்னா செருப்பக் கழட்டிட்டு வாங்க. மட்டை நான் தாரேன். எட்டரைக்கு முடிக்கணும், இல்லைன்னா அந்தம்மாகிட்ட நீங்கதான் பேசணும்."

மேனேஜர் ஷூவைப் பார்த்தார், சாணி மெழுகிய தரையைப் பார்த்தார். கார் திரும்பிப் போயிற்று. பாய் ஆறாவது குழிக்கு அடிக்கப் போனார். அன்று அவருக்கு ஐம்பத்தொன்று. அதுவே அவருடைய மிகச் சிறந்த கணக்காக என் நோட்டில் இருக்கிறது.

ஐப்பசியில் அடைமழை. என் நோட்டின்படி செவ்வாய் இரவு வரத்து தொடங்கி, வெள்ளிக்கிழமை கண்மாய் முக்கால் அளவு நிறைந்தது. ஞாயிறு காலை இருவரும் போனோம். ஒன்பது குழிகளும் போய், ஒரே நீர்ப்பரப்பு. ஆட்டுக்காரப் பெண் ஆடுகளைக் கரையிலேயே மடக்கி நிறுத்தியிருந்தார். எங்களைப் பார்த்ததும் தண்ணீர் ஓரத்துக்கு இறங்கினார். முதல் வட்டம் இருந்த திசையில் முழங்கால் வரை நடந்து, இரண்டு கையாலும் அள்ளி வெயிலுக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். எண்ணெய் இருந்தால் நிறம் மின்னும். முகர்ந்தார். இன்னொரு இடத்தில் அள்ளினார். மூன்றாவது இடம்.

காவலரிடமும் மேனேஜரிடமும் நிமிர்ந்து நின்ற மனிதரின் கைவிரல்கள் சட்டை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

அந்தப் பெண் ஒரு வாய் குடித்தார். பிறகு கரையைப் பார்த்துச் சீழ்க்கை அடித்தார். ஆடுகள் எங்கள் இருவரையும் இடித்துக்கொண்டு இறங்கின.

"தை பொறந்து வத்துனப்புறம் வாங்க" என்றார் மேலேறி வந்து.

பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தை வரைக்கும் சும்மா இருக்கச் சொல்றியா?" கரைக்கு வெளியே, மேற்கே, தண்ணீர் நிற்காத ஒரு தரிசு மேட்டைக் கையால் காட்டினார். "அது யாரு எடம்?"

"அங்கயெல்லாம் போயிராத. அது எந்தம்பி எடம். அவன் பெரிய கோவக்காரன்."

"நானுந்தான்" என்றார் பாய், செருப்பைக் கழற்றிக்கொண்டே.